ஏழு தகப்பனின் தனிக்குடித்தனம்

ஓய்வு பெற்ற பொறியாளர்களைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது. பொறியாளர் தொக்தோசுன், வேலையில் இருந்தவரை, வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார். ஓய்வு பெற்றதும் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, ‘வேர்’ என்று ஒன்றை எழுதியும் முடித்துவிட்டார். இன்னாருக்கு இன்னார் தகப்பன் என்று பெயர்களைப் போட்டுக்கொண்டே போனால், குலம் முழுவதும் திரையில் மரமாகக் கிளைத்து நிற்கும். பெண், மாப்பிள்ளை இருவர் பெயரையும் தட்டினால், மேலே ஏழு தலைமுறைத் தகப்பன்மாருக்குள் இருவருக்கும் பொதுவான ஆள் யாரும் உண்டா என்று பார்த்துச் சொல்லும். இல்லையென்றால் பச்சைக் கோடு. உண்டென்றால் சிவப்பு; குல வழக்கத்துக்கு ஆகாத உறவு, கல்யாணப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். பிஷ்கெக்கிலிருந்து தலாஸ் வரை அவருடைய குலத்தில் தொக்தோசுன் பச்சை காட்டாமல் கல்யாணத்துக்கென்று ஓர் ஆடுகூட வெட்டப்படுவதில்லை.

அவருடைய மகன் எல்தியாருக்கு நிச்சயமாகியிருந்த பெண் பெர்மெட். வருங்கால மாமியார் சாய்ரகுல் வந்து அவள் காதில் கம்மல் மாட்டிவிட்டுப் போயாயிற்று. கம்மல் ஏறிய பிறகு பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. பெர்மெட் பகலில் ஒரு கணக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். மிச்ச நேரத்தில் சம்பளமே இல்லாத இன்னொரு வேலை. கணினியை இயக்குகிற ‘அர்ச்சா’ என்ற இலவச லினக்ஸ் வழங்கலுக்குப் பொதி கட்டுவது. யாரோ எங்கோ எழுதிய நிரலைப் பிரித்து, துடைத்து, பெயர் ஒட்டி, யார் கணினியிலும் ஒரே தட்டில் ஏறும்படி கட்டித் தர வேண்டும். நாட்டில் பாதிப் பள்ளிக்கூடங்களில் ஓடியது அர்ச்சாதான்.

இப்படி ஒரு மருமகள் வாய்த்தால் எந்த மாமனார்தான் சும்மா இருப்பார்?

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் என் வேர்லதான் தன் குலத்தைப் பாக்கணும், மகளே,” என்றார் தொக்தோசுன். “நீ கட்டிக் குடு. கல்யாணத்துக்கு முன்னால பெரியவங்க விருந்துக்கு வர்றாங்கல்ல, அன்னிக்கு அர்ச்சாவிலிருந்தே இறக்கி, எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டுறேன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லியே ஆச்சா, அத்தா?”

“தலாஸுக்கே போன் போட்டுச் சொல்லியாச்சு.”

பெர்மெட்டுக்கும் அதில் ஓர் அவசரம் இருந்தது. கல்யாணம் ஆகிவிட்டால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பொதியிலோ நிரலை எழுதியவர் பெயரை இரண்டு மூன்று இடத்தில் எழுத வேண்டும். எழுதுவது சொல்வதில் சேருமா என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அதற்குமுன் வேலையை முடித்துவிடுவதே நல்லது என்று உட்கார்ந்தாள்.

முதல் சோதனையிலேயே பொதி திரும்பி வந்தது. அர்ச்சாவுக்குள் எது நுழைந்தாலும் சரிபார்ப்பவர் லுத்மிலா பவ்லோவ்னா. கரக்கோலில் மருந்துக்கடை வைத்திருப்பவர். சீட்டு ஒட்டாத புட்டியைக் கையால்கூடத் தொடாத ஆள். அவர் போன் செய்தாலே பொதி கட்டுகிறவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

“இது என்னம்மா, கோழி வயித்துக்குள்ள இன்னொரு கோழி?” என்றார் அவர்.

வேருக்குள் ஒரு லைப்ரரி இருந்தது. லைப்ரரி என்றால் பல நிரல்கள் கடன் வாங்கிப் பயன்படுத்துகிற துண்டு நிரல். இதன் பெயர் ‘ஏழு தகப்பன்’. தெற்கே ஓஷ் நகரத்து மாமசாதிக் என்பவர் எழுதியது. பொது ஆளைத் தேடிக் கோடு போடுகிற வேலையெல்லாம் அதனுடையது. தொக்தோசுன் அதை அப்படியே நகலெடுத்துத் தன் நிரலின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருந்தார்.

“அவரு பழக்கமில்லாம சேர்த்துட்டாரு, லுத்மிலா பவ்லோவ்னா.”

“பழக்கமுள்ள நீ பிரிச்சுடு. உள்ளே ஒளிச்சு வெச்சா, நாளைக்கு அதுல ஓட்டை விழுந்தா யாரு வீடு வீடாப் போயித் தேடுறது? தனி பேக்கேஜ், தனிப் பேரு, தனிப் பொறுப்பாளர். எழுதினவர்கிட்டயிருந்தே எடு. அப்புறம் உன் மாமனாரைப் பாக்கலாம்.”

இந்த விதியை வைத்து பெர்மெட்டே எத்தனையோ பேரின் பொதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதனால் வாயைத் திறக்க வழியில்லை. மாமனாரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“கூட்டுக் குடும்பமா நல்லா இருந்ததை ஏன்மா பிரிக்கணும்? கல்யாணத்துக்கு முன்னாலயே தனிக்குடித்தனம் பேசுற மருமகளை இப்பதான் பாக்குறேன்.”

“நம்மளை இல்லை அத்தா, லைப்ரரியைத்தான்.”

“சேர்ந்தே இருக்கட்டுமே. யாருக்கு என்ன கஷ்டம்?”

“அப்படின்னா வேர் உள்ளே வராது.”

அவர் மோவாயைத் தடவினார். பள்ளிக்கூடங்கள் அவர் கண்முன் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும். “சரி, என்கிட்ட இருக்கிறதையே எடுத்துத் தனியாக் கட்டிடு,” என்றார். பெர்மெட் அப்போது மாமசாதிக்கின் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்ட மாதிரி தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சம்சாவும் மறுகையில் கணினிச் சுட்டியுமாக, மாமசாதிக்கின் அசல் லைப்ரரியை இறக்கித் தனிப் பொதியாகக் கட்டினாள். சோதனைகள் ஒன்றுவிடாமல் தேறின. வேரின் வயிற்றிலிருந்த நகலை எடுத்தெறிந்துவிட்டு, வெளியே இருக்கும் ஏழு தகப்பனோடு அதைக் கோத்தாள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, தொக்தோசுன் கொடுத்திருந்த குடும்ப மரத்தைத் திறந்தாள். இதுவரை எந்த நேரமும் பச்சையாகவே இருந்த மரத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தன.

ஒன்று எல்தியாருக்கும் அவளுக்கும் நடுவே ஓடியது. இன்னொன்று தொக்தோசுனுக்கும் சாய்ரகுலுக்கும் நடுவே.

சம்சாவைக் கீழே வைத்தாள். லைப்ரரியில்தான் பிழை என்று முதலில் நினைத்தாள். மற்றவர்கள் எழுதியதைப் பற்றி அப்படி நினைப்பதுதான் எளிது. பிறகு அசலையும் மாமனாரின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரி வேறாக இருந்தது. மாமசாதிக் தகப்பனை ஒன்று என்று வைத்து ஏழு வரை எண்ணியிருந்தார். தொக்தோசுனின் நகல், எண்ணுகிற ஆளையே ஒன்று என்று வைத்துத் தொடங்கியது. ஏழில் ஒருவர் ஆளே ஆகிவிட்டதால், மேலே ஆறு தகப்பனோடு எண்ணிக்கை நின்றுபோயிற்று. ஏழாவது தகப்பன் எசெங்குல், அவளுக்கும் எல்தியாருக்கும் பொதுவான அந்த மனிதர், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். மாமனார், மாமியாருக்குப் பொதுவான ஏழாவது தகப்பனுக்கும் அதே கதி. வரியின் ஓரத்தில் ‘சரிசெய்யப்பட்டது – தொ.’ என்று குறிப்பு வேறு.

இரண்டு விதமாகவும் எண்ணுகிற ஊர்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தொக்தோசுனின் குலத்தில், அவர் வாயாலேயே, எப்போதும் தகப்பனிலிருந்துதான் எண்ணிக்கை. அந்த ஒற்றை வரியின்மேல்தான் பெர்மெட்டின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

எல்தியாரை அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடைக்கு வரச்சொன்னாள். அவன் கால்நடை மருத்துவன்; எந்தச் சேதிக்கும் முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் கவலைப்படுவான்.

“யாரு இந்த எசெங்குல்? உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஆளுக்கு நம்ம கல்யாணத்துல என்ன வேலை? கடாவுக்கு ஜோடி சேர்க்கிறப்போ மூணு தலைமுறைக்கு மேல எவனும் கேக்கிறதில்லை.”

“நான் ஆடா?”

“காதுல ஏற்கெனவே மாட்டியாச்சே. எங்க ஆடுகளுக்கும் அப்படித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திருப்பி இரண்டாவது கோட்டைக் காட்டினாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

“அப்பாவும் அம்மாவுமா?”

“ஆமா.”

“அப்போ நான் யாரு?”

“சிவப்புக் கோட்டுக்குப் பொறந்த பிள்ளை. இதை உங்கப்பா எப்பவோ பாத்திருக்காரு, எல்தியார். பாத்துட்டுத்தான் வரியை மாத்தியிருக்காரு.”

அவன் மடிக்கணினியை மூடினான். “அம்மாவுக்குத் தெரியவே கூடாது,” என்றான் பிறகு. “பொறுத்துக்க மாட்டாங்க. நம்ம விஷயம் பெரியவங்களுக்குத் தெரிஞ்சாலோ கல்யாணம் அவ்வளவுதான். ஊர்ல எத்தனை பேச்சை நிறுத்தினவரு எங்கப்பா. தன் பையனுக்கு மட்டும் எப்படி விடுவாங்க? பேசாம அந்த லைப்ரரியைப் பழையபடி உள்ளேயே வெச்சுடேன்.”

“விதி விடாது.”

“அப்போ விதியையே கட்டிக்கோ. அதுக்கு ஏழு தகப்பனெல்லாம் கேக்க மாட்டாங்க.”

பெர்மெட்டுக்கு அவனை விடவும் மனமில்லை, விதியை விடவும் மனமில்லை. இரண்டையும் விடாமல் இருக்க மனிதர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தனிப் பொதியாகக் கட்டிய ஏழு தகப்பனிலும் மாமனாரின் அதே ஒரு வரித் திருத்தத்தைப் புகுத்தி, காரணம் என்ற இடத்தில் ‘உள்ளூர் வழக்கம்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

லுத்மிலா பவ்லோவ்னா போன் செய்ய ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

“பெர்மெட், எனக்குத் தெரிஞ்சது ஒரே தகப்பன். அவரையே சமாளிக்க முடியலை. அதனால உங்க கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. ஆனா இது பொது லைப்ரரி. நாளைக்கு வேற யாராவது இதை வெச்சு ஒரு நிரல் எழுதினா, அவங்க வீட்டுலயும் ஒரு தகப்பன் காணாமப் போவாரே. அவங்க உன்கிட்ட கேட்டாங்களா?”

“இல்லை.”

“எழுதினவரு ஒத்துக்கிட்டாரா?”

“அவர்கிட்ட கேக்கலை.”

“நீ இப்படிப்பட்ட பொண்ணு இல்லையே. என்ன ஆச்சு?”

பெர்மெட் “நான் திரும்ப எடுத்துக்கிறேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திருத்தத்தையும் நீக்கினாள். கையும் களவுமாகப் பிடிபட்டதில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனாள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதுதான் எண்ணம். அதற்கு அவர் இடம் கொடுத்தால்தானே. வாசலிலேயே மடிக்கணினியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“கிழவி, இங்க வா. உன் புருஷன் நிரல் பள்ளிக்கூடம் போகப்போகுது. வந்து பாரு.”

“அத்தா, ஒரு நிமிஷம், முதல்ல நான்…”

“நீ உக்காரும்மா. எனக்கே ஓட்டத் தெரியும்.”

சாய்ரகுல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். அடுப்பில் பால் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. தொக்தோசுன் மரத்தைத் திறந்தார். திறந்தவர் கை அப்படியே நின்றது. சட்டென்று மூடப் போனார். சாய்ரகுல் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இது என்ன சிவப்பு?”

“லைப்ரரியில ஏதோ கோளாறு,” என்று மென்று விழுங்கினார் தொக்தோசுன். “பிரிக்காதேன்னு சொன்னேன். என்னுதைக் கட்டுன்னு சொன்னேன். இவ யாருடையதையோ கொண்டுவந்து கட்டியிருக்கா.”

சாய்ரகுல் பெர்மெட்டைப் பார்த்தார். “கோளாறாம்மா?”

எத்தனையோ பேர் எழுதிய நிரலில் கோளாறு உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொன்னவள் பெர்மெட். இந்த ஒன்றைச் சொன்னால் தன் கல்யாணமும் அதோடு போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

“இல்லை, அம்மா. தகப்பன்லயிருந்து எண்ணினா கணக்கு சரிதான். எங்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி.”

தொக்தோசுன் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஊருக்கே குலம் சொன்ன மனிதர், தன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்முதல்ல இதை ஓட்டினன்னிக்கே பாத்துட்டேன், கிழவி,” என்றார் மெதுவாக. “மூணு பிள்ளை பெத்தாச்சு. பேரன் வந்தாச்சு. அதுக்கப்புறம் நான் என்ன பண்றது? உனக்குத் தெரிஞ்சா நீ எங்க போயிடுவியோன்னு ஒரு பயம். அதான் மாத்தினேன்.”

“நான் எங்க போவேன்?”

“உங்க அண்ணன் வீட்டுக்கு.”

“அவன் பொண்டாட்டி சமைக்கிறதை நீங்க தின்னதில்லை?” என்றார் சாய்ரகுல். பிறகு மணைப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும், கிழவரே. பொண்ணு பாக்க நீங்க வந்தப்பவே தெரியும். எங்கப்பா உங்க ஆளுங்க முன்னால தகப்பன்மாரைச் சொல்லிக்கிட்டு வந்தாரு. திரைக்குப் பின்னாலயிருந்து எங்கம்மா இருமினாங்க. அவரு நடுவுல ஒரு புதுப் பேரைச் சேர்த்துட்டாரு. பொது ஆளு எட்டாவது இடத்துக்குத் தள்ளிப் போனதும் எல்லாம் சரியாப் போச்சு.”

“புதுப் பேரா? எந்தப் பேரு?”

“ஜோல்தோஷ்.”

“அப்படி ஒரு ஆளே கிடையாதா?”

“எங்க குதிரைக்கு அந்தப் பேரு.”

தொக்தோசுன் பத்து வருஷம் பாடுபட்டு வளர்த்த மரத்தைத் திறந்து தேடினார். குதிரை அங்கே இல்லை. மரத்துக்குப் பெயர் கேட்டபோது மச்சான், அதாவது சாய்ரகுலின் அண்ணன், சரியான பெயர்களைத்தான் கொடுத்திருந்தார். அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. பெர்மெட் சிரிப்பை அடக்கக் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமும் நீங்க கண்டுபிடிச்சு என்னை அனுப்பிடுவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன்,” என்றார் சாய்ரகுல். “நீங்க என்னடான்னா நான் கண்டுபிடிச்சுப் போயிடுவேனோன்னு பயந்திருக்கீங்க. நல்ல குடித்தனம்.” சொல்லிவிட்டு தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொக்தோசுன் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் தேநீர் ஊற்றி பெர்மெட் அதுவரை பார்த்ததில்லை.

மாமசாதிக்குக்கு எழுதலாம் என்று பெர்மெட் சொன்னாள். நகலில் திருட்டுத்தனமாக மாற்றுவதைவிட, லைப்ரரியே கேட்கட்டும்: எங்கிருந்து எண்ணுகிறீர்கள், உங்களிடமிருந்தா, தகப்பனிடமிருந்தா? ஒவ்வொரு வீடும் தன் வழக்கத்தைத் தானே சொல்லிக்கொள்ளும். தொக்தோசுனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பெரியவங்க முன்னால நம்மகிட்டயிருந்துன்னு தட்டிட்டா எல்லாம் பச்சை,” என்றார். அவள் ஓஷுக்குக் கடிதம் தட்ட ஆரம்பித்தாள்.

ஓஷிலிருந்து பதில் உடனே வந்தது. ‘வடக்கத்திக்காரங்க தன்னைத்தானே தகப்பன் கணக்குல சேர்த்துக்கிறதுல எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. கேள்வியைச் சேர்த்துட்டேன். கல்யாணம் யாருக்குன்னு சொன்னா வாழ்த்துறேன்.’ லுத்மிலா பவ்லோவ்னா அசலைச் சோதித்தார், பொதியைச் சோதித்தார், வேரைச் சோதித்தார். கடைசியில் இரண்டையும் தனித்தனியாக உள்ளே விட்டார். ஏழு தகப்பன் தனிக்குடித்தனம் போயிற்று.

விருந்துக்குப் பெரியவர்கள் வந்தார்கள். வெள்ளைக் கல்பாக் தொப்பிகள் சுவரோரமாக வரிசை கட்டின. உள்ளே கறி வெந்துகொண்டிருந்தது. தொக்தோசுன் டிவி பெட்டியில் கணினியை மாட்டி, அர்ச்சாவிலிருந்து வேரை இறக்கினார். அது வரும்போதே ஏழு தகப்பனையும் தானாகக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது. திரையில் கேள்வி நின்றது. எங்கிருந்து எண்ணுகிறீர்கள்? கீழே இரண்டு பதில்கள்.

பெர்மெட் கதவோரம் நின்றாள். எல்தியாரின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. மேலே இருந்த ‘என்னிடமிருந்து’ என்ற பதிலைத் தட்டினால் எல்லாம் பச்சை. தொக்தோசுனின் விரல் அங்கேதான் போனது. போய் நின்றது. அவர் ஒருமுறை திரும்பி, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சாய்ரகுலைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த ‘தகப்பனிடமிருந்து’ என்பதைத் தட்டினார்.

இரண்டு சிவப்புக் கோடுகள் டிவி அகலத்துக்கு வந்து விழுந்தன. தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“மேல இருக்கிறது நானும் இவளும்,” என்றார் தொக்தோசுன். “ஏழுக்குள்ள உறவு. ரெண்டு பேருக்கும் தெரியும். கீழ இருக்கிறது என் மகனும் மருமகளும். கணக்கு சரியாத்தான் இருக்கு. யாரையும் ஏமாத்தி இந்தப் பொண்ணை வீட்டுக்குள்ள கொண்டுவர எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கல்யாணத்தை நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா மேல இருந்து ஆரம்பிங்க. பழசு அதுதான்.”

வரிசையில் மூத்தவர், காது மந்தமானவர், பக்கத்து ஆளிடம் என்ன என்று கேட்டார். அவர் காதுக்குள் சொன்னார். மூத்தவர் சாய்ரகுலை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்போ இந்தம்மாவைத் திருப்பி அனுப்பணுமா?” என்றார் சத்தமாக.

“அனுப்புங்களேன் பாக்கலாம்,” என்றார் சாய்ரகுல், தட்டுகளை விடாமல். “கறி என் சட்டியில வேகுது. பாத்திரத்தோடதான் போவேன்.”

மூத்தவர் சமையலறைப் பக்கம் மூக்கைத் திருப்பினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு மணமக்களைக் கையசைத்து முன்னால் வரச்சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொல்ல ஆரம்பித்தார்.